டீ வடிகட்டியில் கரைந்த பை

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு,

உங்கள் டீச்சர், அதாவது என் மகள், போன ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போய்விட்டு வந்ததும் ஒரு பையை என் மடியில் போட்டாள். பச்சை மையில் ஓர் இலைப் படம். ‘இது மண்ணில் மக்கிவிடும்’ என்று அதன் கீழே அச்சடித்திருந்தது. மலையில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்த பிறகு சில கடைகளில் இந்த மாதிரிப் பை கொடுக்கிறார்கள். பைக்குள் நீங்கள் எழுதிய சீட்டு இருந்தது. ‘இந்தப் பை ஓடையில் விழுந்து, ஆற்றோடு போய், கடலில் சேர்ந்தால் மக்குமா? உங்களுக்குத் தெரியும் என்று டீச்சர் சொன்னார்கள்.’

“ஒரு வரியில பதில் எழுதிக் குடுங்கப்பா, வகுப்புல வாசிச்சுக் காட்டுறேன்” என்றாள்.

ஒரு வரியில் முடியவில்லை. ஒரு வாரமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனால் இப்படிப்பட்ட ஒரு பையை மண்ணில் புதைத்தும், கடலில் போட்டும், எடுத்துக் கழுவியும், காயவைத்தும், எடை போட்டும் மூன்று வருடம் வேலை பார்த்திருக்கிறேன். அதில் நான் ஒரு தப்புச் செய்தேன். அந்தத் தப்பை நம்பி ஓர் அக்கா நானூறு காப்பிக் கன்றுகளை நட்டார். அதைச் சொல்லாமல் உங்களுக்குப் பதில் சொன்னால் அது முழுப் பதில் ஆகாது.

எழுபதுகளின் நடுவில் வேலைக்குச் சேர்ந்தேன். கொடைக்கானலுக்குக் கொஞ்சம் கீழே, பஸ் போகிற சாலையை ஒட்டி ஒரு நாற்றுப் பண்ணை. முதல் எட்டு ஒன்பது வருடம் மண் நிரப்பினேன். அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. செம்மண் இரண்டு கூடை, மணல் ஒரு கூடை, மக்கிய எரு ஒரு கூடை, கலந்து சலித்துக் கறுப்புப் பாலிதீன் பையில் நிரப்ப வேண்டும். அதில் விதை முளைத்துக் கன்றாகும். கன்றை நடும்போது பிளேடால் பையைக் கிழித்து எடுத்துவிட்டுத்தான் குழியில் வைக்க வேண்டும். இது மட்டும் நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும். பையோடு நட்டால் வேர் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றிக்கொள்ளும். முதல் வருடம் செடி நன்றாகத்தான் தெரியும். இரண்டாம் மூன்றாம் வருடத்தில் நின்றபடியே செத்துப்போகும்.

கிழித்த பைகள் என்ன ஆகும்? காடெல்லாம் கிடக்கும். ஓடையை அடைக்கும். ஒட்டியிருக்கும் எருவின் உப்பு வாடைக்குக் காட்டுமாடு அதை மென்று தின்பதை நானே பார்த்திருக்கிறேன்.

எங்கள் பண்ணைக்கு மேலாளர் தேவநேசன் சார். முழங்கையில் ஒட்டுப் போட்ட பழுப்பு ஸ்வெட்டர், காதில் பென்சில். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்து முடிக்கிற வரை நாம் எதிரே நின்றுகொண்டிருக்க வேண்டும். அதற்கு இரண்டு அடி வாங்கிவிடலாம் என்று இருக்கும்.

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். மேசைமேல் எழுத்து அச்சடித்த ஒரு கட்டு வெள்ளைப் பை.

“சூசை, இதத் தொட்டுப் பாரு.”

“பவுடர் பூசினாப்ல இருக்குங்க சார்.”

“மோந்து பாரு.”

“கஞ்சி வாடை அடிக்குதுங்க.”

“மரவள்ளிக் கெழங்கு மாவு. பிளாஸ்டிக்கோட கலந்து பை அடிச்சிருக்காங்க. மண்ணுல பொதைச்சா கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்க மாவத் தின்னுருமாம். மாவு போனா பை உதுந்துருமாம். கிழிக்காம அப்பிடியே நட்டுரலாமாம்.”

“நெசமாங்க சார்?”

“எத்தனை ‘மாம்’ போட்டேன்னு எண்ணுனியா? அத நெசமா இல்லையான்னு பாக்கத்தான் நம்மகிட்ட அனுப்பியிருக்காங்க.”

முதலுதவிப் பெட்டியிலிருந்து டிஞ்சர் அயோடின் பாட்டிலை எடுத்தார். பழைய கறுப்புப் பையில் ஒரு சொட்டு விட்டார். காப்பித் தண்ணீர் நிறத்தில் அப்படியே நின்றது. புதுப் பையில் ஒரு சொட்டு விட்டார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பேனா மை கொட்டின மாதிரி கருநீலமாக மாறியது.

“மாவு இருந்தா நீலம். பூச்சி மாவத் தின்னுருச்சுன்னா நீலம் வராது. புரிஞ்சுதா?”

புரிந்தது. வீட்டுக்குப் போய்ச் சோற்றில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து என் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். நீங்கள் பார்ப்பதாக இருந்தால் தின்னப் போகாத சோற்றில் விடுங்கள், விட்டதைத் தின்னவும் வேண்டாம்.

அந்தப் பையை இரண்டு இடத்தில் சோதிக்கச் சொல்லியிருந்தார்கள். மலையில் காப்பிக் கன்றுக்கு. இராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரையில், மணல் பறக்காமல் இருக்க நடுகிற சவுக்குக் கன்றுக்கு. கடற்கரைக் காற்றில் எடை பார்க்கிற பேலன்ஸ் துருப்பிடித்துவிடும் என்று, அங்கே போட்ட பைத் துண்டுகளையும் எடுத்து எங்களிடமே அனுப்ப ஏற்பாடு. அதனால்தான் கடலைக் கண்ணால் பார்த்திராத நான் கடல் வேலைக்காரன் ஆனேன்.

முதல் தடவை சாரும் நானுமே போனோம். அங்கே சவுக்குத் தோப்புக் காவலுக்கு இருந்தவர் சேதுராசு என்கிற மீன்பிடிக்காரர். சாரைப் பார்த்ததும் கேட்டார்:

“என்னங்க சார், கடலுக்கு ஸ்வெட்டர் போட்டு வந்திருக்கீக? மீனுக்குக் குளிருமுன்னா?”

சார் சிரித்துவிட்டு ஸ்வெட்டரைக் கழற்றினார். நான் அவரை ஸ்வெட்டர் இல்லாமல் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

ஒரே அளவில் வெட்டி எடை பார்த்த துண்டுகளை நான்கு இடத்தில் போட்டோம். முதல் இடம், அடும்பங்கொடி படர்ந்த காய்ந்த மணல் மேடு. அங்கே விளிம்பு உயர்ந்த மரத்தட்டில் துண்டுகளை வைத்து மேலே கொசுவலை போர்த்தினோம், வெயில் நன்றாகப் படட்டும் என்று. இரண்டாவது, அலை ஏறி இறங்குகிற ஈர மணல். அதில் முழங்கை ஆழத்துக்குப் புதைத்தோம். மூன்றாவது கடல் தண்ணீருக்குள்ளேயே. வலைத்துணிப் பொட்டலமாகக் கட்டி ஒரு கம்பத்தில் தொங்கவிட்டோம். நான்காவது, சற்றுத் தள்ளி உப்பங்கழியில் இருக்கும் கறுப்புச் சேறு. கால் வைத்தால் அழுகின முட்டை நாற்றம் கிளம்பும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை நான்கிலிருந்தும் கொஞ்சம் எடுத்து பஸ்ஸில் போட்டுவிடுவது சேதுராசு அண்ணன் வேலை. வத்தலக்குண்டுக்கு இறங்கி அந்தப் பார்சலை வாங்கி வருவது என் வேலை.

வந்த பிறகுதான் பாடு. முதலில் கழுவ வேண்டும். மணல் தட்டிலிருந்து வருவதை மண்ணோடு சேர்த்து வாளித் தண்ணீரில் கொட்டிக் கலக்கினால் மணல் அடியில் தங்கும், பைத் துண்டு மிதக்கும். மிதப்பதை மல் துணியில் வடிகட்டி எடுக்க வேண்டும். அப்புறம் காய வைக்க வேண்டும். கொடைக்கானல் மூடுபனியில் எதைக் காய வைப்பது? கதவிடுக்கில் பனி நுழைந்தாலே பேலன்ஸ் முள் ஆடும். சார் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். பெரிய பிஸ்கட் தகரத்தின் அடியில் சுட்ட சுண்ணாம்புக் கல்லைப் பரப்பி, மேலே ஒரு சல்லடை வைத்து, துண்டுகளை அதில் அடுக்கி மூடிவிடுவார். சுண்ணாம்பு ஈரத்தைக் குடித்துவிடும். மூன்று நாள் கழித்து, வெயில் அடிக்கிற மத்தியானமாகப் பார்த்து, ஜன்னலைச் சாத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடை பார்ப்போம். ஒரு துண்டுக்கு மூன்று தடவை. மூன்றும் ஒன்றாக வந்தால்தான் பென்சிலில் எழுதுவார். மையில் எழுதுவது வருடக் கடைசியில்.

இங்கேதான் என் தப்பு. மல் துணி ஒரு தடவை நனைந்தால் எங்கள் ஊரில் ஒரு வாரம் காயாது. பூசணம் பிடித்து நாறும். அந்த நாற்றத்தைக் கையில் வைத்துக்கொண்டு சோறு தின்ன முடியவில்லை. இரண்டாவது பார்சலுக்கே நான் துணியை விட்டுவிட்டுச் சமையல் கட்டில் கிடந்த தகர டீ வடிகட்டியை எடுத்துக்கொண்டேன். உதறினால் காய்ந்துவிடும். வேலையும் வெரசா முடிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. இதையெல்லாமா சொல்வது என்று நினைத்தேன்.

மூன்றாவது பார்சலில் சேதுராசு அண்ணன் பீடிக் கட்டுத் தாளில் எழுதி வைத்திருந்தார். ‘மேட்டு மணல் தட்டுல தூளா வருது. காத்துல போகாம மண்ணோட கூட்டி அள்ளியிருக்கேன். பாத்துக் கழுவுங்க.’ நான் வாசித்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். வடிகட்டியில் கழுவினேன்.

வருடக் கடைசியில் சார் நான்கு இடத்தையும் வரிசையாக எழுதினார். சேற்றில் கிடந்தது போட்டபடியே இருந்தது. கடல் தண்ணீரில் தொங்கியது பச்சைப் பாசி பிடித்து, படகின் அடியில் ஒட்டுகிற சின்னச் சிப்பிகள் ஒட்டி, முன்பைவிடக் கனமாக வந்தது. ஈர மணலில் புதைத்தது கொஞ்சம் எடை குறைந்திருந்தது. அயோடின் விட்டால் நீலம் வரவில்லை. ஆனால் வெயில் மணலில் கிடந்தது? இரண்டு கிராம் துண்டு அரை கிராம்கூட இல்லை.

“முக்கால் பாகம் போயிருச்சேப்பா!” சார் என் தோளைத் தட்டினார். அவர் அப்படித் தட்டுகிறவர் இல்லை. எனக்கு உச்சி குளிர்ந்தது.

மலையில் எங்கள் பண்ணை மண்ணில் புதைத்திருந்த துண்டுகளை எடுத்துப் பார்க்கிற வரை இன்னும் ஒரு வருடம் பொறுக்கலாம் என்றுதான் சாரும் மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் கேட்கவில்லை. கடற்கரையிலேயே முக்கால் பாகம் போனது என்றால், எருவும் ஈரமும் உள்ள மலை மண்ணில் இன்னும் சீக்கிரம் போகும், இந்த மழைக்கே கன்று கொடுங்கள் என்று பதில் வந்தது. சாரும் ஒத்துக்கொண்டார். அந்த அரை கிராமை அவர் அவ்வளவு நம்பினார்.

முதல் ஆளாகக் கன்று வாங்கிப் போனவர் மலையின் கீழ்ச்சரிவில் உள்ள பெரும்பாறையைச் சேர்ந்த பாக்கியம் அக்கா. இலங்கையில் கண்டிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, எழுபதுகளில் அங்கிருந்து அனுப்பப்பட்டவர்களோடு இங்கே வந்தவர். பல வருடம் அடுத்தவர் தோட்டத்தில் கூலி வேலை பார்த்து, புருசனையும் இழந்து, கடைசியில் சரிவில் ஓர் ஏக்கர் சொந்தமாக அமைந்தது. அந்த ஓர் ஏக்கரில் வைக்கத்தான் நானூறு கன்று.

“பையோட நடணுமா? நெசமாத்தான் சொல்றீங்களா தம்பி?” என்று என்னிடம் கேட்டார்.

“கடற்கரையிலயே கரைஞ்சு போச்சுக்கா. நானே கழுவி நானே நிறுத்தேன்” என்று பெருமையாகச் சொன்னேன். இந்த வார்த்தை என் வாயிலிருந்துதான் வந்தது.

அவர் கன்றுகளைக் கொண்டுபோய் நிழலில் அடுக்கி, மழைக்காகக் காத்திருந்தார். நாங்கள் பண்ணையில் மழைக்கு முன்பு வழக்கமாகச் செய்கிற வேலைகளைச் செய்தோம். கழுவுகிற கல்லுக்குக் கீழே தண்ணீர் போய்த் தேங்க ஒரு சின்னக் குழி உண்டு. அதைத் தூர்வார இறங்கினேன். குழியின் ஓரத்துப் பாசியில் மீன் செதில் மாதிரி ஏதோ மினுங்கியது. இங்கே யார் மீன் கழுவினார்கள் என்று விரலால் வழித்தேன். செதில் இல்லை. கடுகளவு, அதிலும் சின்னது, வெள்ளைவெள்ளையாக. இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தேன். பவுடர் இல்லை, கஞ்சி வாடை இல்லை, ஆனால் அந்த வழவழப்பு எனக்குத் தெரியும். குழி ஓரம் முழுக்க அது வளையம் வளையமாக ஒட்டியிருந்தது.

வடிகட்டியை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். அதன் ஒவ்வொரு ஓட்டையும் அந்தத் தூளைவிடப் பெரியது.

கரையவே இல்லை, பிள்ளைகளே. வெயிலில் நொறுங்கித் தூளானதை நான்தான் வாளி வாளியாகக் குழியில் ஊற்றியிருக்கிறேன்.

உடனே ஓடிப்போய்ச் சாரிடம் சொன்னேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. சொல்லவில்லை. என் வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. அதற்கான காகிதம் சார் மேசையில் கையெழுத்துக்குக் கிடந்தது. உங்கள் டீச்சர் அப்போது கைக்குழந்தை. இன்று சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நாலு நாள் ஓட்டினேன். மூன்றாம் நாள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பெரும்பாறையில் அந்த அக்கா குழி வெட்டிக்கொண்டிருப்பார் என்று தெரியும். தெரிந்தும் இன்னொரு நாள் போனது.

ஐந்தாம் நாள் காலை வடிகட்டியைக் கொண்டுபோய்ச் சார் மேசைமேல் வைத்தேன்.

“என்னது, டீ போடப் போறியா?”

சொன்னேன். துணி நாறியதில் ஆரம்பித்து, பீடித் தாள் வரை எல்லாம் சொன்னேன். சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். அவ்வளவு நேரம் அவர் துடைத்து நான் பார்த்ததில்லை. பிறகு எழுந்து, மழையிலேயே குழிக்குப் போய் முட்டி போட்டு, கைக்குட்டையில் ஓர் அள்ளு வடிகட்டிப் பார்த்தார்.

“கடைசியா வந்த மண்ணு பொட்டலம் இன்னும் கழுவாமக் கெடக்குல்ல? கொண்டா. ரெண்டாப் பிரி. பாதிய உன் வடிகட்டியில கழுவு. பாதிய நான் துணியில கழுவுறேன்.”

மூன்று நாள் சுண்ணாம்புத் தகரத்தில் வைக்க நேரமில்லை. கரி அடுப்பின் மேல் தகரத்தை வைத்துக் காயவைத்தோம். வடிகட்டியில் கழுவியது பாதிக்கு மேல் காணாமல் போயிருந்தது. துணியில் கழுவியது, போன மாவைத் தவிர, அநேகமாக அப்படியே இருந்தது. சார் நோட்டைத் திறந்து, மையால் எழுதிய அந்த அரை கிராமின்மேல் கோடு போட்டார்.

“சார், என்னாலதான்னு எழுதுங்க” என்றேன்.

“துணியிலதான் கழுவணும்னு நான் எங்கயாச்சும் எழுதி வச்சிருக்கனா? வாயால ஒரு தடவை சொன்னதோட சரி. அப்புறம் நீ கழுவுறத நான் ஒரு நாளாவது வந்து பாத்தேனா? எடை கொறைஞ்சதும் எனக்குக் குஷி. ஏன் கொறைஞ்சுதுன்னு கேக்கல.” நோட்டை மூடினார். “அது கெடக்கட்டும். நாலு நாள் வாயத் தொறக்காம இருந்த பாரு, அது மட்டும் உன்னுது. பெரும்பாறைக்கு யாரு போறது?”

“நான் போறேங்க சார்.”

“மொத பஸ்ஸப் பிடி.”

பெரும்பாறையில் இறங்கி, ஆரஞ்சு மரங்களுக்கு நடுவே வழுக்கி வழுக்கி ஏறினேன். பாக்கியம் அக்கா தலையில் சாக்கைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“வாங்க தம்பி! நேத்தோட நட்டு முடிஞ்சுது. நானூறும் நிக்குது பாருங்க, பிரட்டுக்கு நிக்கிற ஆளுங்க மாதிரி!” பிரட்டு என்றால் அவர்கள் தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிட வரிசையில் நிற்பது.

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். பை கரையாது. நாங்கள் பார்த்தது தப்பு. நானூறிலும் பையை எடுத்தாக வேண்டும்.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் தலைச் சாக்கை எடுத்துக் கீழே போட்டார்.

“கடலுல கரைஞ்சுதுன்னு சொன்னீங்களே தம்பி? என் காட்டுல கடலு எங்க கெடக்கு? நான் கேக்கணுமா இல்லியா? படிச்ச தொரைமாரு சொல்றாங்கன்னு வாயப் பொத்திக்கிட்டு நட்டேன். அந்தச் சீமையிலயும் தொரை சொன்னதக் கேட்டுத்தான் மூட்டை கட்டுனோம். இங்க வந்தும் அதே கூத்தா?”

“அக்கா, இன்னொண்ணும் சொல்லணும். எனக்கு இது நாலு நாளைக்கு முன்னாடியே தெரியும்.”

அவர் என்னைப் பார்த்தார்.

“நாலு நாளைக்கு முந்தி இது எல்லாம் நெழல்ல அடுக்கி இருந்துச்சு” என்றார் மெதுவாக. “பிளேடு எடுத்தா ஒரு நாள் சோலி.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் திட்டியிருந்தால் தேவலை. ஒரு குச்சியால் பக்கத்துக் கன்றின் அடியில் மண்ணைக் கிளறினார். பை புத்தம்புதுசாக இருந்தது. அடியில் வெள்ளை வேர் நுனி ஒன்று பையில் முட்டித் திரும்பி வளைந்திருந்தது.

எல்லாவற்றையும் பிடுங்கி, கிழித்து, மறுபடி நடலாம் என்றேன். “இந்த ஈரத்துல பிடுங்குனா பைக்குள்ள மண்ணு ஒடைஞ்சு வேரு அறுந்து செத்துரும்” என்று அவர்தான் தடுத்தார். இடுப்பில் சொருகியிருந்த சின்னக் கவ்வாத்துக் கத்தியை உருவினார். தேயிலைச் செடி கழிக்கிற கத்தி, இலங்கையிலிருந்தே கொண்டுவந்தது. கன்றின் ஒரு பக்கத்து மண்ணை மட்டும் கையால் வழித்தார். கத்தியை உள்ளே விட்டுப் பையை மேலிருந்து கீழாகக் கிழித்து, அடியையும் சுற்றி அறுத்து, குழந்தைக்குச் சட்டை கழற்றுகிற மாதிரி ஒரு பக்கமாகவே உருவி எடுத்தார். கன்று அசையவில்லை. மண்ணை மறுபடி அணைத்துக் குதிகாலால் மிதித்தார்.

“ஒண்ணாச்சு. என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? அந்தப் பக்கம் ஒக்காருங்க.”

நாலு நாள் உட்கார்ந்தோம். நாலு நாளும் மழை. முதல் நாள் அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் இரண்டு கன்றை அறுத்துக் கெடுத்தபோது மட்டும் “கையா அது?” என்றார். இரண்டாம் நாள் மத்தியானம் தன் மரவள்ளிக் கிழங்கில் பாதியை ஒடித்து என் பக்கம் நீட்டினார். “தின்னுங்க. பையில போடாத மாவு” என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மூன்றாம் நாள் சரிவில் ஒரு குடை ஏறி வந்தது. தேவநேசன் சார். குடையை ஆரஞ்சு மரத்தில் மாட்டிவிட்டு, ஸ்வெட்டர் கையை மடக்கி, அடுத்த வரிசையில் உட்கார்ந்தார்.

“தொரை, ஒங்களுக்கு எதுக்கு இந்தச் சேறு?” என்றார் அக்கா.

“நான் தொரை இல்லம்மா. கையெழுத்துப் போட்டவன்” என்றார் சார்.

முப்பது கன்றுக்குக் கொஞ்சம் மேலே செத்தது. மற்றது பிழைத்தது. செத்ததற்குப் பதில் கன்றைச் சாதாரணப் பையில் வளர்த்து அடுத்த மழைக்கு நானே சுமந்துபோய் நட்டுக்கொடுத்தேன். அதைப் பெரிதாகச் சொல்லவில்லை, கடமை. வேறு யாருக்கும் அந்தப் பையில் கன்று போகாமல் சார் நிறுத்திவிட்டார். மேலிடத்தில் அவருக்கு என்ன கிடைத்தது என்று அவர் சொல்லவில்லை. ஓய்வு பெறுகிற வரை அதே நாற்காலியில்தான் இருந்தார். என் காகிதத்தில் மட்டும் பெரும்பாறையிலிருந்து திரும்பிய அன்றே கையெழுத்துப் போட்டிருந்தார். “பயந்து மறைக்கிறவன நிரந்தரமாக்கக் கூடாதுன்னுதான் நெனச்சேன். மறைச்சத வந்து சொன்னவனுக்குப் போட்டேன்” என்றார்.

அடுத்த வருடம் கடற்கரைச் சோதனையை முதலிலிருந்து செய்தோம். துணியில்தான் கழுவினோம். நாறினால் நாறட்டும் என்று இரண்டு துணி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிக் கரியடுப்பில் உலர்த்தினேன். இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான் கையால் தொட்டுப் பார்த்த அந்தப் பைக்கு மட்டும்தான் என் பதில். டீச்சர் கொண்டுவந்த பை எதில் செய்தது என்று எனக்குத் தெரியாது.

காய்ந்த மணலில் வெயில் பட்டால் அது அப்பளமாக நொறுங்கும், தூளாகும். தூள் காணாமல் போகாது. காற்று கொண்டுபோகும், அலை கொண்டுபோகும், அவ்வளவுதான். ஈர மணலுக்குள் மாவை மட்டும் பூச்சிகள் தின்னும், பிளாஸ்டிக்கில் ஊசி ஓட்டை ஓட்டையாக இருக்கும், பை இருக்கும். கடல் தண்ணீரில் பாசியும் சிப்பியும் ஏறி அது கனத்து அடியில் போய்விடும். அடியில் வெயில் கிடையாது. சேற்றில் காற்றும் இல்லை, வெயிலும் இல்லை, ஒன்றுமே நடக்காது. ஒரே பை, ஒரே கடற்கரை, கூப்பிடு தூரத்துக்குள் நாலு விதம். ‘மக்கும்’ என்று யாராவது சொன்னால், எங்கே போட்டு, எத்தனை நாள் பார்த்தீர்கள் என்று கேளுங்கள்.

சேதுராசு அண்ணனிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் வலையைத் தைத்துக்கொண்டே சொன்னார்: “பீடித் தாள்ல எழுதுனதாலதான் நீங்க மதிக்கலியோன்னு நெனச்சேன். தம்பி, நண்டு வலையில விழுந்து காலு காலா ஒடிஞ்சு ஓட்டை வழியாப் போயிருச்சுன்னா, நண்டு கரைஞ்சிருச்சுன்னா சொல்லுவோம்? வலைக்கண்ணு பெருசுன்னுதான் சொல்லுவோம்.”

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. பை உருவிய அந்த நாலு நாளில் நாங்கள் ஒரு கன்றை விட்டுவிட்டோம். எந்த வரிசையில் யார் விட்டது என்று தெரியாது. மூன்றாம் வருடம் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் பாக்கியம் அக்காவைப் பார்த்தேன். காப்பிப் பழம் பழுத்து, முதல் மூட்டையை இறக்கிவிட்டு நின்றிருந்தார். என்னைக் கண்டதும், என்னிடம் சேர்க்கவென்று கொண்டுவந்திருந்த காகிதப் பொட்டலம் ஒன்றை மடியிலிருந்து எடுத்தார்.

“ஒரு செடி மட்டும் மொகம் வாடிக்கிட்டே வந்து செத்துருச்சு. பிடுங்கிப் பாத்தேன். இந்தாங்க தம்பி, ஒங்க கடலு.”

பிரித்தேன். அந்த வெள்ளைப் பை. உள்ளே வேர் கயிறு சுற்றின மாதிரி பந்தாகச் சுருண்டிருந்தது. மண்ணை ஊதினால், பையில் அச்சடித்திருந்த எழுத்தைக்கூட வாசிக்கலாம். அவர் சிரித்தார். கோபம் ஒன்றும் மிச்சமில்லை. பஸ் வந்துவிட்டது, ஏறிப் போய்விட்டார்.

அந்தப் பையை நான் இத்தனை வருடமாக வைத்திருக்கிறேன். டீச்சரிடம் இன்று அதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே ஒரு சின்னப் பாட்டில் டிஞ்சர் அயோடினும், ஒரு முழம் மல் துணியும். பையில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், நீலம் வராது. மாவு போய் எத்தனையோ வருடம் ஆயிற்று. பிறகு நீங்கள் அனுப்பிய பச்சை இலைப் பையைத் துண்டு துண்டாக வெட்டி, பள்ளித் தோட்டத்தில் வெயிலில் ஒன்று, நிழலில் ஒன்று, மண்ணுக்குள் ஒன்று, வாளி உப்புத் தண்ணீரில் ஒன்று போட்டு வையுங்கள். போட்ட நாளை எழுதி வையுங்கள். எடுக்கும்போது துணியில் கழுவுங்கள். துணி காயாது, நாறும், பரவாயில்லை.

கழுவின தண்ணீரைக் கொட்டுவதற்கு முன்னால் வாளிக்குள் ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.